பத்தாம் எண் காளீஸ்வரன்

என் தம்பி காளீஸ்வரன் இறந்து நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிவகாசி மைதானத்தில் ஒரு கோல் போட்டான். மைக்கில் அப்படித்தான் சொன்னார்கள்.

நான் பிரஸ் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டதால் ஞாயிறும் வேலை இருந்தது. எனக்கு இடது காது கேட்காது. வலது காதில் அந்தக் குரல் விழுந்தது. "யோகம் அணியின் பத்தாம் எண், காளீஸ்வரன்! காளீஸ்வரன் அடித்த அருமையான கோல்!"

அந்தப் பெயர் எங்கள் பக்கம் ஊருக்கு நாலு பேருக்கு உண்டு. ஆனால் யோகம் அணியில் ஒரே ஒரு காளீஸ்வரன்தான் இருந்தான். அவனுடைய பதிவுப் படிவத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி, அப்பா பெயரையும் பிறந்த தேதியையும் எழுதியவள் நான். அணியின் எழுத்து வேலை முழுவதும் என்னிடம்தான் இருந்தது. அப்போது நான் வேலை பார்த்த பட்டாசு ஆலையின் பேக்கிங் ஷெட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் நான் ஒருத்திதான்.

யோகம் அணி என்பது சிவபாண்டி முதலாளியின் அணி. வெம்பக்கோட்டைக்கும் தாயில்பட்டிக்கும் நடுவே அவருக்குப் பட்டாசு ஆலை. ஏழு வருடத்துக்கு முன் ஏதோ வாணவேடிக்கைக் கண்காட்சிக்காகப் போர்ச்சுகல் போனார். அங்கே யாரோ அவரை ஒரு கால்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு பெரிய கிளப்பின் ரிசர்வ் அணி ஆடிய ஆட்டம் அது. திரும்பி வந்ததும் ஆலை வாசலில் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"அங்கன ஒரு கிளப்புன்னா ரெண்டு டீமு. ஒண்ணு மேல ஆடும். இன்னொண்ணு கீழ, ரெண்டாம் டிவிஷன்ல ஆடும். அதுக்குப் பேரு பி டீம். கீழ உள்ளவன் எம்புட்டு ஜெயிச்சாலும் மேல உள்ளவன் டிவிஷனுக்கு வர முடியாது. சட்டமே அப்படி. ஆனா மேல ஒருத்தனுக்கு அடிபட்டுச்சுன்னா, கீழருந்து ஒருத்தன எடுத்துக்கிடலாம். எப்படி யோசிச்சிருக்கான் பாத்தீகளா?"

என் பக்கத்தில் நின்ற பாலம்மாள் அக்கா வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சொன்னாள். "இதப் பாக்கவா ஏரோப்ளேன்ல போனாரு? நம்ம ஊருலயே இருக்கே."

மாவட்டத்துக் கம்பெனிகளுக்குள் நடக்கும் லீக்கில் அவர் சொன்னது எடுபட்டது. அந்த விதிகளை அப்படியே எழுதிச் சேர்த்தார்கள். முதல் அணிக்கு மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். ஆலை ஆபீஸில் வேலை பார்ப்பதாகக் காகிதத்தில் இருந்தார்கள். பி அணியில் நாங்கள். அதாவது எங்கள் தெருப் பையன்கள், மருந்து அறையிலும் திரி அறையிலும் வேலை பார்த்தவர்கள். முதலாளி அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஜெர்ஸி எண்தான். என் தம்பிக்கு, "ஏலே பத்து."

அந்தப் பத்தாம் எண், மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாம் டிவிஷனில் அதிக கோல் போட்டான். மூன்று வருடமும் பி அணி முதலிடம். மூன்று வருடமும் மேலே போகவில்லை. அதற்காக அவன் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் போர்ச்சுகல் கிளப்பின் ரிசர்வ் அணி ஆட்டங்களைப் போனில் பார்ப்பான். "அக்கா, இந்தா, இந்தச் சுருட்டமுடிக்காரன் இருக்கான் பாரு, பத்தொம்பது வயசு. அடுத்த மாசம் மேல எடுத்துருவாக" என்பான். அவன் சொன்னபடியே சில பேர் மேலே போனார்கள். சொந்தத் தம்பி பாஸானது மாதிரி சந்தோஷப்படுவான். ஆலைக்குள் போன் கூடாது. காலையில் வாசலில் வாட்ச்மேனின் பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். அவன் மட்டுமல்ல, எல்லோரும்.

பிப்ரவரி இருபதாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஏழாம் நம்பர் அறை வெடித்தது.

அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். அன்று அந்த அறையில் ஆறு பேர். பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. இறந்தது நாலு பேர். அதில் பாலம்மாள் அக்கா ஒருத்தி, காளீஸ்வரன் ஒருவன். பிழைத்த இரண்டு பேரில் ஒருவர் இன்றுவரை பேசவில்லை. இன்னொருவர் வடக்கே இருந்து வந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்தே ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் முப்பது அடி தள்ளி பேக்கிங் ஷெட்டில் இருந்தேன். சுவர் என் இடது பக்கமாக விழுந்தது. தம்பியை அம்மா காலைப் பார்த்து அடையாளம் சொன்னாள். அம்மா பெயர் அய்யம்மாள். அன்றைக்கு அவள் சொன்ன ஒரே வாக்கியம் "இதுதான்" என்பது.

ஆலையில் எப்போதும் இரண்டு வருகை நோட்டுகள் இருந்தன. ஒன்று ஆய்வுக்கு வந்து பார்ப்பவர்களுக்கு. அதில் எந்த அறையிலும் நாலு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். இன்னொன்று நிஜமான நோட்டு, சிவப்பு அட்டை போட்டது. அதை வைத்துத்தான் சனிக்கிழமை சம்பளம். விபத்துக்குப் பிறகு கம்பெனி விசாரணைக்காரர்களிடம் முதல் நோட்டைக் கொடுத்தது. அதில் ஏழாம் நம்பர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். காளீஸ்வரன் இல்லை. கூடவே மேனேஜர் மணிமுத்து ஓர் அறிக்கை எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்த வெளிநபர் ஒருவர் செல்போன் வைத்திருந்ததால் தீப்பற்றியது என்று அதில் இருந்தது.

என் தம்பியைக் கொன்றது போதாதென்று, மற்ற மூன்று பேரையும் அவன்தான் கொன்றான் என்று எழுதினார்கள்.

ஊரில் அதை நம்பாதவர்களும் மறுத்துப் பேசவில்லை. ஆலை ஏப்ரலில் திறந்துவிட்டது, வேலை வேண்டும். பாலம்மாள் அக்காவின் மகள் முருகம்மாள் நிஜமாகவே நம்பினாள். குழாயடியில் என் அம்மாவைப் பார்த்து, "பெத்த மகன ஒரு போன வெளிய வச்சிட்டுப் போகச் சொல்லி வளக்கத் தெரியல" என்றாள். அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு தண்ணீர் எடுக்க நான்தான் போனேன்.

பதிவுப் படிவத்தின் நகல் என்னிடம் இருந்தது. 'மேற்படி நபர் எங்கள் ஆலையின் நிரந்தரத் தொழிலாளி' என்று அதில் அச்சடித்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு மே மாதம் மணிமுத்துவைப் பார்க்கப் போனேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அது வெளாட்டுக்கு எழுதுனது தாயி. ஊர்ப் பையங்க ஆசப்பட்டாங்கன்னு தொழிலாளின்னு எழுதிச் சேத்தோம். இத எங்கன காட்டினாலும் அப்படித்தான் சொல்லுவேன். நிப்பாட்டிக்க."

"அந்தச் செவப்பு நோட்டக் காட்டுங்க மேனேஜரே."

"எந்தச் செவப்பு நோட்டு?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் நான் நான்கு வாரம் பிரஸ்ஸில் காலண்டருக்குத் தகரப்பட்டி போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மைதானத்துக்குள் போனேன். மஞ்சள் ஜெர்ஸியில் பத்தாம் எண் போட்டு ஒரு நெட்டையான பையன் ஓடிக்கொண்டிருந்தான். மதுரைக்காரன். இதற்கு முன் பார்த்ததில்லை. பி அணியின் கேப்டனாக இருந்த வெள்ளைத்துரை கோட்டுக்கு வெளியே பந்துகளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விபத்துக்குப் பிறகு பி அணியை ஆடவிடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அக்கா, நீ எதுக்கு இங்கன வந்த?"

"தம்பி கோல் போட்டானாம். பாக்க வந்தேன்."

"அய்யோ, மெதுவாப் பேசு. மேல் டீம் பார்வர்டுக்கு முட்டி போயிருச்சு. புது ஆளு சேக்க ஜனவரியோட தேதி முடிஞ்சுபோச்சு. பி டீம் கார்டுல உள்ளவன எடுத்துக்கிடலாம்ல, அந்தச் சட்டத்த வச்சு மேனேஜர் இவனக் காளிக்குப் பதிலா எறக்கிட்டாரு. போட்டோவ மட்டும் மாத்தி ஒட்டுனாக."

"உங்க எல்லார் கார்டும் இருந்துச்சே. எதுக்கு அவனோடத எடுத்தாரு?"

வெள்ளைத்துரை தரையைப் பார்த்தான். "நாங்கல்லாம் உசுரோட இருக்கோம்ல. நாளைக்கி யாராச்சும் கேட்டா மாட்டிக்கிடுமாம். அவன் வந்து கேக்க மாட்டான்னாரு."

"மொதலாளிக்குத் தெரியுமா?"

"அவருக்கு எங்க பேரு எப்பத் தெரிஞ்சிருக்கு? ஜெயிச்சாச் சரி அவருக்கு. இந்தவாட்டி லீக் ஜெயிக்கிற டீம அக்டோபர்ல போர்ச்சுகல் கூட்டிட்டுப் போறாராம். அந்த கிளப்போட ரிசர்வ் டீம்கூட ஒரு ஆட்டம். டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு. விட்ருக்கா. நீ சத்தம் போட்டா எங்க வேலையும் போயிரும்."

"நான் சத்தம் போடப் போறதில்ல" என்றேன். அது உண்மை.

அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அணிப் பட்டியலைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கீழே சிவபாண்டியின் கையெழுத்து இருந்தது. கையில் கிடைத்ததை வைத்து அன்றே போய்ப் புகார் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், விளையாட்டில் ஓர் ஆள்மாறாட்டம் என்று ஆகியிருக்கும். அணிக்கு ஒரு வருடத் தடை விதித்திருப்பார்கள். எனக்கு அணி வேண்டாம். எனக்கு அந்தச் சிவப்பு நோட்டு வேண்டும், அதை முதலாளி தன் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

லீக்கின் விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். பதினெட்டாம் விதி: ஓர் ஆட்டக்காரர் தொழிலாளிதானா என்று எதிரணி எழுத்தில் கேட்டால், ஜனவரி, பிப்ரவரி மாத அசல் வருகை நோட்டைக் கம்பெனி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோப்பை எதிரணிக்கு. பத்தொன்பதாம் விதி: காட்டிய ஆவணம் தீர்ப்பு வரும்வரை லீக் குழுவிடமே இருக்கும். ஆய்வுக்குக் கொடுத்த நோட்டு ஆலைக்குத் திரும்பவில்லை. காட்டுவதற்குச் சிவப்பு நோட்டைத் தவிர வேறு கிடையாது.

அதனால் யோகம் அணி ஜெயிக்க வேண்டும் என்று விரும்பினேன். எந்த ஆட்டத்தையும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் மைக்கில் என் தம்பி பெயர் வந்தது. ஐந்து ஆட்டத்தில் ஏழு கோல். ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்தில் கடலை விற்றவர், "என்னத்தா, சொந்தக்காரனா?" என்று கேட்டார். "கூடப் பொறந்தவன்" என்றேன். ஒரு பொட்டலம் சும்மாவே கொடுத்தார்.

இறுதி ஆட்டம் ஆகஸ்டில், விருதுநகரில். எதிரே காரியாபட்டி நூற்பாலை அணி. இரண்டுக்கு ஒன்று என்று யோகம் ஜெயித்தது. இரண்டு கோலும் காளீஸ்வரன். காரியாபட்டி அணியின் மேனேஜர் சோலைமலை மைதானத்து ஓரத்தில் நின்று நடுவரை ஏசிக்கொண்டிருந்தார். பருத்த மனிதர், சட்டை முழுக்க வியர்வை. நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"நீ யாரு தாயி? மூஞ்சியப் பாத்தா நாங்க தோத்ததுக்கு உங்க வீட்ல எழவு விழுந்த மாதிரி இருக்கு."

"எழவு எங்க வீட்லதான் அண்ணாச்சி. இதப் படிங்க."

மனுவை முன்பே எழுதி வைத்திருந்தேன். யோகம் அணியின் பத்தாம் எண் ஆட்டக்காரர் தொழிலாளி அல்ல என்று சந்தேகிக்கிறோம், பதினெட்டாம் விதிப்படி அசல் வருகை நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அவ்வளவுதான். சோலைமலை இரண்டு முறை படித்தார்.

"நான் எழுதியிருந்தா ரெஃப்ரியோட அப்பனுக்கே ரெண்டு பக்கம் போயிருக்கும். நீ நாலு வரில முடிச்சிட்ட. உனக்கு இதுல என்ன?"

"கேக்காதீக. கப்பு உங்களுக்கு. மத்தது எனக்கு. விசாரணைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அவர் உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

லீக் ஆபீஸ் விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் இருந்தது. அந்த அறையில் யாரும் இரண்டு வாக்கியம் தும்மாமல் பேச முடியாது. குழுத் தலைவர் செல்லச்சாமி, ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. சிவபாண்டி முதலாளி வெள்ளை வேட்டியில், நேற்று யாரோ போட்ட சால்வையோடு வந்தார். பின்னால் மணிமுத்து. மணிமுத்து என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னலே நிக்க? வா" என்றார் முதலாளி. பிறகு என்னைக் காட்டி, "இந்தப் பிள்ள யாரு?" என்றார்.

"எங்க டீம் ரைட்டர் அண்ணாச்சி" என்றார் சோலைமலை.

பதினோரு வருடம் அவர் ஆலையில் வேலை பார்த்திருக்கிறேன். தீபாவளிக்கு அவர் கையால் சேலை வாங்கியிருக்கிறேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. நான் நம்பியிருந்தது அதைத்தான். என் முகமே தெரியாதவருக்கு என் தம்பி பெயர் எப்படித் தெரியும்? எனக்கிருந்த ஒரே பயம் மணிமுத்து வாயைத் திறந்துவிடுவாரோ என்பது. ஆனால் அவரையும் பதினோரு வருடமாக எனக்குத் தெரியும். முதலாளி சிரித்த முகமாக இருக்கும்போது கெட்ட செய்தி சொல்லத் துணிகிற ஆள் அல்ல.

செல்லச்சாமி வாத்தியார் மனுவைப் படித்தார். "நோட்டக் காட்டிட்டா முடிஞ்சுது அண்ணாச்சி."

"காட்டிருவோம். இதென்ன பெரிய காரியம்? மணி, நோட்டு எங்க?"

மணிமுத்து தும்மினார். "அது... ஆய்வுக்குக் குடுத்துட்டோம் மொதலாளி."

"அது இன்ஸ்பெக்சன் நோட்டுலே. நம்ம செவப்பு நோட்ட எடு."

"அது தொலைஞ்சு போச்சு மொதலாளி."

"என்னது தொலைஞ்சுபோச்சு? திங்கக்கெழம பீரோவுல பாத்தேன். போனஸ் பாக்கணும்னு நீதான எடுத்து வச்ச?"

"மொதலாளி, கொஞ்சம் வெளிய வாங்களேன், ஒரு வார்த்த..."

சோலைமலை சிரித்தார். "வெளிய போய் நோட்டு எழுதிட்டு வரப் போறீகளா அண்ணாச்சி? மை காயணும், பாத்துக்கிடுங்க."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "எவன்லே வெளிய போறது? நீ உக்காரு மணி. எந்திரிக்காத." தன் போனை எடுத்து ஆலை ஆபீஸுக்கு அவரே பேசினார். "பீரோ மேல் தட்டுல செவப்பு அட்ட போட்டிருக்கும். ஜீப்புல போட்டு மண்டி மாடிக்கு அனுப்பு. இப்பவே."

ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முதலாளி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். போர்ச்சுகல்லைப் பற்றிப் பேசினார். அங்கே ரிசர்வ் அணிக்கும் தனி கோச், தனி டாக்டர், எல்லாம் உண்டு என்றார். "ஒரு பயலுக்குக் கால்ல சுளுக்குன்னா நாலு பேரு ஓடி வாரான். அம்புட்டு கவனிப்பு." மணிமுத்து டீயைத் தொடவில்லை. இரண்டு முறை என்னைப் பார்த்தார். இரண்டாவது முறை அவர் கைகள் லேசாகச் சேர்ந்தன, கும்பிடுவது போல. நான் அவரையே பார்த்துக்கொண்டு என் டீயைக் குடித்து முடித்தேன்.

நோட்டு வந்தது. வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் புரட்டினார்.

"காளீஸ்வரன். தகப்பனார் பேரு குருசாமி. சேந்து ஆறு வருஷம். ஏழாம் நம்பர் ரூம். ஜனவரி முழுக்க வந்திருக்கான். பிப்ரவரி... இருபது வரைக்கும் கையெழுத்து இருக்கு. பொறவு காலி."

"பொறவு ஃபேக்டரிய மூடியிருந்தோம் சார். ஒரு ஆக்சிடென்ட். எல்லாத்துக்கும் காலியாத்தான் இருக்கும்."

"சரி. இவரு உங்க தொழிலாளிதான்னு எழுதிக் குடுத்துருங்க. இத்தோட சேத்து வச்சிக்கிடுறோம்."

முதலாளி எழுதினார். வெடித்த அறை எதுவென்றுகூட அவர் நினைவில் இல்லை. அவர் எழுத்து பெரிதாக, குழந்தை எழுத்து போல இருக்கும். எழுதியதை உரக்கப் படிக்கவும் செய்தார். "காளீஸ்வரன் ஆறு வருடமாக என் ஆலையில் நிரந்தரத் தொழிலாளி. பிப்ரவரி இருபதாம் தேதி வரை ஏழாம் நம்பர் அறையில் ஒழுங்காக வேலை பார்த்தவர். இதற்கு நானே சாட்சி." கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, வாத்தியாரிடம் நீட்டினார்.

நான் எழுந்தேன். பையிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து அந்த நோட்டின் மேல் வைத்தேன்.

"சார், இதுல உள்ள பேரப் படிங்க. அப்பா பேரப் படிங்க. பொறவு தேதியப் படிங்க."

வாத்தியார் படித்தார். சத்தமாகத் தொடங்கியவர், தேதிக்கு வரும்போது குரல் இறங்கிவிட்டது. கீழே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. சோலைமலை, "அடப் பாவிகளா" என்றார்.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. மணிமுத்துவைப் பார்த்தார். "என்னலே இது?"

"மொதலாளி... அந்த வெளி ஆளு... அது இவன்தான்."

"வெளி ஆளு இல்ல" என்றேன். "இப்பத்தான் நீங்களே எழுதிக் குடுத்தீக. நீங்களே சாட்சின்னும் எழுதியிருக்கீக."

அவர் கை அந்தத் தாளை நோக்கிப் போனது. வாத்தியார் தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். "குடுத்தது குடுத்ததுதான் அண்ணாச்சி. இது இனி எங்ககிட்டத்தான் இருக்கும்."

"உனக்கு என்ன வேணும்மா?" என்றார் முதலாளி. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "எம்புட்டு வேணும், சொல்லு."

"அந்தப் பக்கத்துல ஏழாம் நம்பர் ரூமுக்கு எத்தன பேரு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

அவர் எண்ணவில்லை. வாத்தியார் விரலை வைத்து எண்ணினார். "ஆறு" என்றார். இன்னொரு முறை எண்ணினார். "ஆறு."

நான் மாடிப்படி இறங்கும்போது அந்த மதுரைப் பையன் கீழே நின்றிருந்தான். ஆட்டக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். விஷயம் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. அழுதுவிடுவான் போலிருந்தது. "எனக்குத் தெரியாதுக்கா. சும்மா ஒரு பேருன்னு சொன்னாங்க."

அவனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. "என் தம்பி எடது கால்ல அடிப்பான்" என்றேன். "நீ ஒரு கோல்கூட எடது கால்ல அடிக்கல."

நோட்டும் தாளும் குழுவிடமிருந்து விசாரணைக்காரர்களிடம் போயின. வழக்கின் பிரிவுகள் மாறின. வெளிநபர், செல்போன் என்ற வரிகள் அடிக்கப்பட்டன. வாட்ச்மேனின் டின்னிலிருந்து அன்று எடுத்துப் பூட்டி வைத்திருந்த என் தம்பியின் போன், மணிமுத்துவின் மேஜையிலேயே கிடைத்தது. முதலாளியும் மேனேஜரும் உள்ளே போனார்கள். ஆலைக்குச் சீல் வைத்தார்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. போர்ச்சுகல் பயணம் நின்றுபோனது. அந்த ரிசர்வ் அணி அந்தத் தேதியில் வேறு யாரோடோ ஆடியிருக்கும்.

இருநூறு பேருக்கு வேலை போயிற்று. வெள்ளைத்துரை எங்கள் வாசலில் நின்று கத்தினான். "உனக்கு ஒரு உசுருக்குக் கணக்குத் தீந்துபோச்சு. எங்க வீட்டு அடுப்புக்கு நீ என்ன சொல்லப் போற?" அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் காளி ஆலையில் வேலை பார்த்தானா என்று போலீஸ் கேட்டபோது தெரியாது என்று சொன்னவன் அவன். அவனோடு ஆறு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன் காளி. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். இப்போது அவன் வேறு ஆலையில் இருக்கிறான். வழியில் பார்த்தால் பேசுவதில்லை.

முருகம்மாள் ஒரு நாள் வந்தாள். வாசலில் நின்று முந்தானையைப் பிசைந்தாள். அம்மா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "சித்தி, நான் தெரியாம..." என்று தொடங்கி அழுதாள். அம்மாவும் அழுதாள். நான் அவளை உட்காரச் சொல்லவில்லை. என்றாவது ஒரு நாள் சொல்லக்கூடும். இன்னும் சொல்லவில்லை.

முதலாளி ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போகிறேன். சாட்சி சொல்லும் நாளுக்கு மட்டும் வந்தால் போதும் என்றார்கள். ஆனாலும் போகிறேன். அவர் நிற்கும் இடத்திலிருந்து நேரே தெரிகிற பெஞ்சில் உட்காருவேன். அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது வாய்தாவில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நானும் ஜன்னல் பக்கத்துப் பெஞ்சுக்கு மாறினேன்.

போன முறை அவருடைய வக்கீல் என்னிடம் வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"அம்மா, அவருக்கு பிரஷர் இருக்கு. ராத்திரி தூக்கமில்லைங்கறாரு. நீங்க கொஞ்சம் பின்னால தள்ளி உக்காந்தா நல்லாருக்கும்."

"அவரு கேக்கச் சொன்னாரா?"

"ஆமா."

"என் பேரச் சொல்லிக் கேட்டாரா?"

"பொன்மணிகிட்டச் சொல்லுங்கன்னுதான் சொன்னாரு."

பையை எடுத்துக்கொண்டு எழுந்து, ஒரு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தேன்.